குழலுள் உடையும் வர்ணம்

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் எமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். அவருடைய பதினாறு வயது மைந்தன் ‘பெயின்ற்போல்’ என்னும் விளையாட்டில் பெரிதும் ஈடுபாடு கொண்டவன். விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய துவக்கு ஒன்றும் வாங்கியிருக்கிறான். சென்ற மாதம் ஆட்டத்தின் நடுவே வர்ண உருண்டை துவக்கினுள்ளேயே உடைந்துவிட்டதாம். முகக் கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தமையால், உள்ளே நேர்ந்ததைக் காண வேண்டிப் பையன் கவசத்தை நெற்றிக்கு உயர்த்தியிருக்கிறான். வேலிக்கு அப்பால் நின்று கண்ட தாயார் அன்றே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“ஐயா, உருண்டை உள்ளே உடையாதிருக்கத் துவக்கைத் திருத்த வழியுண்டா? மின் பிடி பொருத்த வேண்டும் என்கிறான். நீண்ட குழல் வேண்டும் என்கிறான். எதனை வாங்கிக் கொடுப்பது?” என்பது மாணவரின் வினா.

நாம் துவக்கு ஏந்தி அறியோம். எனினும் வினா பௌதிகத்தின்பாற்பட்டது ஆதலின் விடை கூற முற்படுகிறோம்.

இஃது உயிர் கொல்லும் துவக்கன்று. மரங்களிலும் மாடுகளிலும் தூர நின்று அடையாளமிடுவதற்காக 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நெல்சன் பெயின்ற் நிறுவனத்தார் விற்ற கருவியே இதன் மூதாதை. 1981 யூன் 27ஆம் நாள் நியூ ஹம்ஷயர் மாநிலத்துக் காடொன்றில் பன்னிருவர் அதனை ஏந்திக் கொடி கவரும் ஆட்டம் ஆடினர். ஒரு முறையேனும் சுடாத ஒருவரே அன்று வென்றார். ஆடுவோர் இன்றும் இதனைத் துவக்கு என்னாது ‘மார்க்கர்’, அதாவது குறியிடு கருவி, என்றே வழங்குவர்.

மீன் எண்ணெய்க் குளிசையைக் கண்டிராத பிள்ளைகள் இலர். வர்ண உருண்டையும் அத்தகையதே. ஜெலற்றின் ஓட்டினுள்ளே பொலியெத்திலீன் கிளைக்கோலும் நிறமும் கலந்த குழம்பு அடைக்கப்பட்டிருக்கும். குறுக்களவு 0.68 அங்குலம், ஏறக்குறைய 17 மில்லிமீற்றர். இவ்வோடு இரண்டு எசமானர்க்கு ஊழியஞ் செய்வது. குழலினுள் வாயுவின் உதையைத் தாங்க வேண்டும்; எதிராளியின் மேற்சட்டையிற் பட்டதும் உடையவும் வேண்டும். ஆகவே அதனை வலியதாக்கிவிட முடியாது. துவக்குத்தான் அதனிடம் மென்மையாக நடத்தல் வேண்டும்.

உடைவது எங்ஙனம்? துவக்கின் மேலே உருண்டைகள் நிறைந்த கூடு ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘ஹொப்பர்’. (எம் நாட்டார்க்கு அச்சொல் அப்பத்தையே நினைவூட்டும், அது வேறு.) ஹொப்பரிலிருந்து ஓர் உருண்டை அறைக்குள் விழ, போல்ற் முன்னே பாய்ந்து அதனைக் குழலுக்குள் தள்ளும். உருண்டை பாதி விழுந்திருக்கும்போது போல்ற் பாயுமாயின், கத்தியிடை அகப்பட்ட தக்காளியின் கதிதான்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஓய்விலிருந்து விழும் பொருள் 17 மில்லிமீற்றர் கடக்க எத்துணை நேரம் செல்லும்? ஈர்ப்பு ஆர்முடுகலை 9.8 எனக் கொண்டால் விடை ஏறக்குறைய 0.06 செக்கன். செக்கனுக்குப் பத்து முறை சுடும் துவக்கில் ஒரு சுற்றுக்கு 0.1 செக்கனே உண்டு. அதிலும் அறை திறந்திருப்பது ஒரு பகுதி நேரமே. பாதி எனக் கொண்டால் 0.05 செக்கன். உருண்டை விழுமுன் போல்ற் வந்துவிடும். ஹொப்பரின் வாயில் இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கித் தங்கிவிடினோ கணக்கே வேண்டியதில்லை.

இனி மின் பிடியைப் பற்றி நேயர்களே தீர்ப்புக் கூறலாம். ஈர்ப்பினால் மட்டும் ஊட்டும் ஹொப்பரை வைத்துக்கொண்டு சுடும் வேகத்தைக் கூட்டுவது, உடைப்பை விலை கொடுத்து வாங்குவதாகும். நீண்ட குழலும் பயன்படாது. உடைவு நிகழ்வது குழலுக்குப் பின்னேயுள்ள அறையில் அல்லவா?

பயனுள்ள திருத்தங்கள் யாவும் ஒன்றையே செய்கின்றன: உருண்டை அமரும்வரை போல்ற்றைக் காக்க வைத்தல், அல்லது போல்ற் வருமுன் உருண்டையை அமர்த்துதல். மோட்டாரால் உருண்டைகளைக் கலக்கியும் தள்ளியும் ஊட்டும் ஹொப்பர் ஒருவகை. ரிப்மன் நிறுவனத்தாரின் ‘சைக்குளோன்’ அமைப்பு எமக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் எஞ்சும் வாயுவே பல்லுச் சக்கரமொன்றைத் திருப்பி அடுத்த உருண்டையை அறைக்குள் இடும். சுட்டால்தான் ஊட்டும், பற்றரியும் வேண்டா. மின்னியல் மார்க்கர்களில் ‘கண்’ உண்டு. அறைக்குக் குறுக்கே செல்லும் செந்நிறக்கீழ்க் கதிரை உருண்டை மறைத்தால் அன்றி வாயு திறவாது. ஓட்டோமாக் என்னும் கருவிக்கு அமைந்த ‘லெவல் ரென்’ போல்ற் இன்னும் நுட்பமானது. உருண்டையில் இடறினால் அதனை நசுக்காது நின்றுவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், பழைய துவக்காதலின், அறையின் பக்கத்திலுள்ள சிறு தடுப்பைப் பார்க்க வேண்டும். உருண்டை முன்னோக்கி உருளாது பிடித்து நிறுத்துவது அதுவே. அது தேய்ந்தால் முதலுருண்டை நகர, இரண்டாவது பின்னே பாதி இறங்கும். மாற்றச் சொற்ப பணமே செல்லும். உருண்டைகளையும் ஐயுறவேண்டும். ஜெலற்றின் ஈரத்தில் வீங்கும், குளிரில் நொறுங்கும். கனடாவின் குளிர்காலத்தில் வண்டிக் கொட்டகையில் வைத்த பெட்டியை நம்புதல் ஆகாது. கழற்றிய குழலில் ஓர் உருண்டையை இட்டால் தானே உருண்டு வெளிவரலாகாது. வாயால் ஊத வெளிவர வேண்டும். அதுவே பொருந்திய அளவு. முன்பு உடைந்ததன் பிசுக்குக் குழலில் இருப்பின் அடுத்ததும் உடையும்.

தாயாரின் அச்சம் நியாயமானது. ஏறக்குறைய 3 கிராம் உருண்டை, களங்களில் வழமையான உச்ச வரம்பாகிய செக்கனுக்கு 300 அடி வேகத்தில் ஏறத்தாழ 12 யூல் சக்தியுடன் வரும். சட்டையிற் பட்டால் தழும்பு. வெற்றுக் கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். எத்தனை திருத்தம் செய்தாலும் என்றேனும் ஓர் உருண்டை உடையத்தான் செய்யும். அப்போது கவசத்துடனேயே களத்தை நீங்கி, பாதுகாப்பிடத்தை அடைந்து, குழல் வாய்க்கு உறையிட்ட பின்னரே கவசத்தைக் கழற்ற வேண்டும்.

பையன் கவசத்தை உயர்த்தியது ஆவி படிந்தமையாலன்றோ? ஆகவே முதலில் வாங்க வேண்டியது துவக்குக்கு உரியதன்று. ஆவி எளிதிற் படியாத ஈரடுக்குக் கண்ணாடி. அடுத்துத் தடுப்பு. அவன் துவக்குக்குப் பொருந்துமாயின் சைக்குளோன். மின் பிடிக்கென வைத்திருக்கும் பணத்தில் இவற்றை வாங்குமாறு எம் மாணவருக்கு எழுதியுள்ளோம். தாயார் இணங்கினாரா என்பதை அடுத்த கடிதத்தில் அறியத் தருமாறும் கேட்டிருக்கிறோம்.