பூவாளிச் சட்டம்

2022 ஆகஸ்ட் கடைசியில் எங்கள் அலாட்மென்ட் வாசல் கேட்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஹோஸ் பைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம், பூவாளியால் ஊற்றிக்கொள்ளலாம் என்று மூன்று வரி. அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தது நம்மவர்கள்தான். "இங்கிலாந்துலயும் தண்ணிப் பஞ்சமா? இதுக்கா விசா எடுத்து வந்தோம்?" என்றார் ஒருவர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மூன்று வருடம் கழித்து இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பின் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. சென்னைக்கு ஏறக்குறைய 1,400. தூறலை மழை என்று எண்ணி ஏமாந்தது நாம். அந்த வருடம் ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. தேம்ஸ் நதியின் ஊற்றுக்கண் வறண்டு, நதி தொடங்கும் இடமே ஐந்து மைல் கீழே தள்ளிப்போனது. தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீரில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிக்கிடக்கும் நிலத்தடி நீர். அந்தப் பாறையிலிருந்து ஊறித்தான் செஸ், வெர், மிம்ரம் போன்ற சிற்றாறுகள் ஓடுகின்றன. உலகில் இப்படிப்பட்ட ஓடைகள் மிகக் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. நாம் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அவை வற்றும். கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்துக் கிணறு வற்றும் என்பது நமக்குத் தெரியாத பாடமா?

ஆகவே இருட்டிய பிறகு வந்து ஹோஸைத் திறந்துவிட்டுப் போன நண்பர்களுக்கு என் ஆதரவு கிடையாது. அவர்கள் சொன்ன நியாயம் ஒன்றுதான்: "கம்பெனிக்காரன் ஒழுகவிடுறான், நான் ஏன் அடைக்கணும்?" ஒழுகுவது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூமிக்கடியில் உள்ள குழாய்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 300 கோடி லிட்டர் கசிந்து வீணாகிறது. வழங்கும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ஹோஸ் மணிக்கு 1,000 லிட்டர் வரை குடிக்கும் என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால், தினமும் 30 லட்சம் ஹோஸ்களை ஒரு மணி நேரம் திறந்துவைத்த அளவு மண்ணுக்குள் போகிறது. 1989இல் தண்ணீரைத் தனியாரிடம் கொடுத்தார்கள். 1992இல் கார்சிங்டன் திறந்ததற்குப் பிறகு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றுகூடப் புதிதாகத் திறக்கவில்லை. பங்குதாரர்களுக்கு லாபம் மட்டும் வறட்சியிலும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனையும் வைத்துக்கொண்டு கேட்டில் வந்து "பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள்" என்று ஒட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் அவன் திருடுகிறான் என்பது நான் திருடுவதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது. கம்பெனி ஒழுகவிடுவதும் நான் இரவில் திறந்துவிடுவதும் ஒரே ஓடையிலிருந்துதான் போகிறது. இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க நமக்கு யோக்கியதை வரும்.

அடுத்த கேள்வி இதுதான். இந்தச் சட்டம் எதைத் தடை செய்கிறது? தண்ணீரையா? இல்லை, கருவியை. பூவாளியில் நாளைக்கு 2,000 லிட்டர் ஊற்றினாலும் அது சட்டப்படி சரி. ஹோஸில் 20 லிட்டர் விட்டால் குற்றம். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, எதால் என்றுதான் கேட்கிறார்கள். அதாவது 1991ஆம் வருடச் சட்டத்தை 2010இல் திருத்தி எழுதியவர்கள் தண்ணீரை லிட்டரில் அளக்கவில்லை. தோள்பலத்தால் அளந்திருக்கிறார்கள். தூக்க முடிந்தவனுக்குத் தண்ணீர் உண்டு, தூக்க முடியாதவனுக்கு இல்லை.

விலக்குகளையும் பாருங்கள். அதே 2010 விதிகளில் 'தோட்டம்' என்ற சொல்லுக்குள் அலாட்மென்டையும் சேர்த்திருக்கிறார்கள். விற்பதற்காகக் காய்கறி வளர்ப்பவருக்குத் தடை இல்லை. தின்பதற்காக வளர்ப்பவருக்குத் தடை. தேசிய, சர்வதேச விளையாட்டுப் போட்டிக்கான புல்தரைக்கு நீர் விடலாம். மண்ணோடு மண்ணாகச் சொட்டும், டைமரும் அழுத்தக் குறைப்பானும் பொருத்திய சொட்டுநீர்க் குழாய்க்குப் பல கம்பெனிகள் விலக்குத் தருகின்றன. நீல நிற மாற்றுத்திறனாளி பேட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் பல இடங்களில் விலக்கு உண்டு. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நியாயம் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்த்தால் வெளியே நிற்பது யார் என்று தெரியும்: வயதானவர், பணம் குறைந்தவர், தன் சாப்பாட்டுக்கு நாலு கீரை போட்டவர்.

எங்கள் இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது வயது 76. எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அரைத் துண்டு நிலம், 125 சதுர மீட்டர் இருக்கும். முளைக்கீரை, அவரை, பூசணி, கண்ணாடிக் கூரைக்குள் நாலு பாகற்கொடி. இளவயதில் துலா மிதித்து இறைத்த தோட்டக்காரர். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பியே வெங்காயமும் புகையிலையும் விளைவித்த தலைமுறை. ஒரு வாளியின் விலை அவருக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவர் இரவில் ஹோஸ் பிடிக்கவில்லை. "சட்டமெண்டால் சட்டம்தான் தம்பி" என்றார். இரண்டு 10 லிட்டர் பூவாளி வாங்கினார். கணக்குப் போடுவது என் தொழில், போட்டுப் பார்த்தேன். 40 சதுர மீட்டருக்கு மட்டும், சதுர மீட்டருக்கு வாரம் 20 லிட்டர் என்று வைத்தால் 800 லிட்டர். இரண்டு பூவாளியோடு 40 நடை. குழாய்க்கும் அவர் துண்டுக்கும் 50 மீட்டர். வாரத்துக்கு நாலு கிலோமீட்டர் நடை, அதில் பாதி 20 கிலோ சுமையோடு. பேட்ஜுக்கு விண்ணப்பியுங்கள் ஐயா என்றேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே தம்பி, வயசு மட்டும்தான்" என்றார். வயதுக்கு விலக்கு இல்லை.

அதே வாரம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் துண்டு குழாய்க்குப் பக்கத்தில். 90 பவுண்டுக்குச் சொட்டுநீர் செட் ஒன்று ஆர்டர் செய்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தது. டைமர், அழுத்தக் குறைப்பான், எல்லாம் விதிப்படி. போனிலிருந்தே திறக்கலாம், மூடலாம். சோபாவில் உட்கார்ந்து என் தக்காளிக்குத் தண்ணீர் காட்டினேன். அபராதம் கிடையாது, குற்றவுணர்வு கிடையாது. பார்த்தவர்கள் பாராட்டவும் செய்தார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி ஐயா தோளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார். சட்டத்தை இருவருமே மீறவில்லை.

ஹோஸைத் தடை செய்வதுதான் சுலபம், வீட்டுக்கு வீடு லிட்டரை யார் எண்ணுவது என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். எல்லா வீட்டிலும் மீட்டர் இல்லை, ஹோஸோ கண்ணுக்குத் தெரியும். வேலியைத் தாண்டிப் பார்த்து ஃபோன் செய்ய அக்கம்பக்கமும் இருக்கிறது. ஆனால் சுலபமானதெல்லாம் நியாயமாகிவிடாது. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். அளக்க வேண்டியதை அளப்பது கஷ்டம் என்று, அளக்கச் சுலபமானதை அளந்துவிட்டு, அதையே இலக்கு என்று அறிக்கை எழுதுவோம். வாடிக்கையாளரும் கையெழுத்துப் போடுவார். இங்கே கையெழுத்துப் போட்டது பாராளுமன்றம்.

நமக்குத் தடை என்ற சொல்லைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: முறை. சிவகங்கைப் பக்கம் என் ஊரில் கண்மாய் குறைந்த வருடம் முறை வைப்பார்கள். இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை, உன் வயலுக்கு இத்தனை நேரம். மடையைத் திறந்து அடைக்க ஊர் சம்பளமாக நெல் வாங்கும் நீர்பாய்ச்சி இருந்தார். வரப்பில் நின்று அவரோடு சண்டை போடலாம். தண்ணீரை நிறுத்துபவரும் நிற்பவரும் ஒரே சேற்றில் நின்றார்கள். பற்றாக்குறையைப் பங்கு போடுவதுதான் முறை. தடை அப்படியல்ல, அது எங்கோ உட்கார்ந்து தாளில் வருகிறது.

உடனே ஊருணியைப் பற்றிக் கவிதை எழுத உட்கார வேண்டாம். நம் புலம்பெயர் இதழ்களில் அந்தக் கவிதை போதுமான அளவு வந்துவிட்டது. முறையில் நிலம் அதிகம் உள்ளவனுக்கு நேரமும் அதிகம். நிலமே இல்லாதவனுக்கு முறையும் இல்லை. வயலுக்கெல்லாம் நீர் பாய்ச்சிய அந்த மனிதர் பெரும்பாலும் தலித். ஊர் ஊருணியில் அவர் வீட்டுப் பெண்கள் குடம் முக்க முடியாத காலம் ஒன்றும் தொலைவில் இல்லை. 2019இல் சென்னை ஏரிகள் வற்றியபோதும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பணம் இருந்த வீட்டுக்கு லாரி வந்தது, இல்லாத வீடு தெருக்குழாயில் குடத்தோடு நின்றது. ஊரில் சாதியும் பணமும் செய்ததை இங்கே தோள்பலமும் சொட்டுநீர் செட்டும் செய்கின்றன. ஆகவே பழையதைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் இருந்த நல்ல பாதியை மட்டும் கேட்கிறேன்: தண்ணீர் குறைந்தால் ஆளுக்கு இவ்வளவு, யாராக இருந்தாலும்.

2025 வசந்தத்தில் இங்கிலாந்து நூறு வருடங்களில் காணாத வறட்சியைப் பார்த்தது. கோடையில் பல பகுதிகளில் மறுபடி தடை வந்தது. இம்முறை எங்கள் அலாட்மென்டில் தாளுக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். அரைத் துண்டுக்கு வாரம் 30 பூவாளி. யார் எவ்வளவு எடுத்தாலும் எழுத வேண்டும், என்னைப் போல் சொட்டுநீர் வைத்திருப்பவர்களும் லிட்டர் கணக்கில். தூக்க முடியாதவர்களின் பங்கை முடிந்தவர்கள் தூக்க வேண்டும். கொட்டகைக் கூரைகளிலிருந்து மழைநீரைப் பீப்பாயில் பிடித்தோம், பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டோம். சண்டை வந்தது. இரண்டு பேர் கடைசிவரை எழுதவேயில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில், இங்கேயே பிறந்த பிள்ளைகள் நாலைந்து பேர் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் முன் வந்து தூக்கினார்கள். 'முறை' என்ற சொல்லுக்கு அவர்களுக்கு இப்போது அகராதி வேண்டாம்.

சட்டமும் இதைச் செய்யலாம். அலாட்மென்டுகளுக்குப் பெரும்பாலும் பொதுக் குழாய்தான். அதில் மீட்டர் வைத்து, இந்த இடத்துக்கு வாரம் இவ்வளவு, நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனி சொல்லலாம். எதில் ஊற்றுகிறோம் என்பது அப்போது எங்கள் பாடு. அபராதத் தாளின் அடியிலேயே அந்த வாரம் எங்கள் வட்டாரக் குழாய்களில் கசிந்த லிட்டரையும் அவர்கள் அச்சடிக்கட்டும். நாங்கள் எங்கள் நோட்டைக் காட்டுகிறோம், அவர்கள் தங்கள் நோட்டைக் காட்டட்டும். கவுன்சிலர் வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்கும்போது வீசாவையும் வாகன நிறுத்தத்தையும் மட்டும் பேசாமல் இதையும் பேசுங்கள். நாம் இங்கே விருந்தாளிகள் இல்லை, தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவர்கள்.

ஐயா அந்த நோட்டில் இல்லை. 2022 செப்டம்பரில் அவருடைய பூசணி காய்ந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் கேட் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "தடை எடுத்தாச்சு ஐயா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன். "ஓம் தம்பி, எடுத்திட்டினம். என்ர தோள்தான் இனி வராது" என்றார். இரண்டு பூவாளியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனியைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, பாராளுமன்றத்தைத் திட்டவும் உண்டு. ஆனால் அந்த ஆகஸ்டில் வாரம் இருபது நடை நான் நடந்திருக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.