பனிமலையில் ஒரு கோடு

வானம் தெளிந்த நாளில் துன் ஏரிக்கரையில் நின்று நோக்கினால், யுங்பிராவ் சிகரம் வெண்முடி தரித்து நிற்பதைக் காண்கிறோம். அதன் உயரம் 4,158 மீற்றர். எம் பிள்ளைகளுக்குப் பனிமலை என்பது சறுக்கு விளையாட்டும் பாடசாலைச் சுற்றுலாவும். ஆனால், யுங்பிராவைவிட ஏறத்தாழ 2,000 மீற்றர் மேலே, மனிதர் மனிதரை எதிர்த்துக் காவல் நிற்கும் பனிமலையும் இவ்வுலகில் உண்டு. அதுவே இமயத்தின் வடமேற்கே, காரகோரம் மலைத்தொடரிலுள்ள சியாச்சின் பனியாறு.

அப்போர் எவ்வாறு மூண்டது? 1949ஆம் ஆண்டிலும் 1972ஆம் ஆண்டிலும் இந்தியாவும் பாகிஸ்தானும் காஷ்மீரில் தமக்கிடையே கோடு வரைய உடன்பட்டன. அக்கோடு என்.ஜே. 9842 என்னும் புள்ளியுடன் நின்றுவிட்டது. அதற்கப்பால் பனியாறுகளே; அங்கு எவர் செல்வார் என்று எண்ணினர் போலும். வரையாது விட்ட அச்சிறு பகுதிக்காகவே 1984 ஏப்ரலில் படைகள் மேலேறின. 1999இல் கார்கில் மலைகளில் மூண்ட போரில் இந்தியத் தரப்பில் மட்டும் 527 வீரர் மாண்டனர். இரு நாடுகளிடையே எஞ்சியிருந்த நம்பிக்கையும் குலைந்தது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. எனினும் சியாச்சினிலிருந்து படைகள் இறங்கவில்லை.

அங்கே குண்டினால் இறந்தோரைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தோரே மிகுதி. 6,000 மீற்றர் உயரத்தில், கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய அரைப்பங்கே கிடைக்கும். 2012 ஏப்ரலில் கயாரியில் வீழ்ந்த பனிச்சரிவு, பாகிஸ்தான் முகாமிலிருந்த 140 பேரைப் புதைத்தது. 2016 பெப்ரவரியில் இந்தியக் காவலரண் ஒன்றின்மீது பனி சரிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பதின்மர் மாண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிள்ளைகள். வெயிலில் வளர்ந்தவர்கள் பனியில் புதைந்தனர். இரு பக்கமும் தாய்மார் அழுத கண்ணீர் ஒன்றே.

நாம் வாழும் இந்நாட்டிலும் பனிமேல் எல்லைக்கோடு உண்டு. மற்றர்ஹோர்ன் சிகரத்தின் அருகே சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்குமான எல்லை பனியாற்றின் முகட்டை ஒட்டிச் செல்வது. பனி உருக, முகடு நகர்ந்தது, எல்லையும் ஐயத்துக்குள்ளாயிற்று. இரு நாட்டுப் பிரதிநிதிகளும் வரைபடத்துடன் மேசையில் அமர்ந்து, 2023இல் புதிய கோட்டுக்கு உடன்பட்டனர். 2024 செப்டெம்பரில் சுவிஸ் கூட்டாட்சி அரசும் ஒப்புதல் அளித்தது. ஒரு துப்பாக்கியும் தூக்கப்படவில்லை.

இரண்டும் ஒன்றா என்று சிலர் வினவுவர். ஒன்றல்ல என்பதை ஏற்கின்றோம். இந்தியாவும் பாகிஸ்தானும் குருதி சிந்திப் பிரிந்த நாடுகள். அவற்றிடையே உள்ள ஐயம் ஒருநாளில் தீராது. எனினும் நம்பிக்கை பிறந்த பின்பே பேசுவோம் எனக் காத்திருந்தால், காவலரணில் நிற்கும் இளைஞனே அதற்கு விலை கொடுப்பான். மலையேறும் மக்கள் இதனை உணர்ந்தனர். உலக மலைகள் ஆண்டாகிய 2002இல், இரு நாட்டு மலையேறிகளும் இதே சுவிஸ் ஆல்ப்ஸ் மலையில் சமாதானம் வேண்டி ஒன்றாக ஏறினர். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று போரை விலக்க முயன்ற கோவூர் கிழாரைப் போற்றும் இனத்தவராகிய நமக்கு இது புதிய வழியன்று.

பெற்றோரே, போரின் கொடுமையை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர் நாம். ஆதலால் போரைப் பிள்ளைகளுக்கு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லாதிருப்போம். மாணவச் செல்வங்களே, போர் பற்றிப் படிக்கும்போது இறந்தோரை இரு பக்கமும் எண்ணுங்கள். யார் வென்றார் என்று கேட்குமுன், எந்தக் கோடு வரையப்படாமல் விடப்பட்டது, எந்தப் பேச்சு பேசப்படாமல் போயிற்று என்று கேளுங்கள். வீட்டிலும் விளையாட்டிடத்திலும் உங்கள் பிணக்குகளை அவ்வாறே பேசித் தீர்க்கப் பழகுங்கள்.

சியாச்சின் என்னும் பெயருக்கு, அவ்விடத்துப் பல்தி மொழியில், காட்டு ரோசாக்கள் நிறைந்த இடம் என்பது பொருள். அப்பெயர் மெய்யாகும் நாள் வரட்டும்.