வீட்டுக் கணக்கில் எழுதப்படாத நேரம்

சிக்கனத்தைப் பற்றி எழுதுவோர் தவறாமல் தரும் அறிவுரை ஒன்று உண்டு. வெளியில் வாங்குவதை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்பதே அது. உணவகத்துக்குப் போகாமல் வீட்டில் சமைப்பது, பலகாரக் கடையை நாடாமல் முறுக்குப் பிழிவது, பண்டிகை அலங்காரத்தை விலைக்கு வாங்காமல் மாவிலையும் சாமந்தியும் கொண்டு தோரணம் கட்டுவது, பழந்துணியைப் பயனுள்ள பொருளாக்குவது ஆகிய யாவும் குடும்பத்தின் பணத்தை மிச்சப்படுத்தும். வங்கி வாடிக்கையாளர்களுக்கான இதழில் இவ்வறிவுரை இடம்பெறுவதும் இயல்பே. நாமும் இதனை மறுக்கவில்லை. ஆயினும், இந்தக் கணக்கில் ஒரு பகுதி எழுதப்படாமலே விடப்படுகிறது. மிச்சமாகும் பணத்தை எழுதுகிறோம். அதற்காகச் செலவாகும் நேரத்தை எழுதுவதில்லை. அந்த நேரம் யாருடையது என்று கேட்பதும் இல்லை.

மிச்சம் உண்மையானதே

வீட்டில் செய்வதால் பணம் மிஞ்சுகிறதா என்ற ஐயம் வேண்டியதில்லை. மத்திய அரசு நடத்திய 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரக் குடும்பங்களின் மாதச் செலவில் ஏறத்தாழ 11 விழுக்காடும், கிராமக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 10 விழுக்காடும் பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்தப்பட்ட உணவுகள் ஆகியவற்றுக்குச் செல்கின்றன. உணவுச் செலவின் உட்பிரிவுகளில் இதுவே மிகப் பெரியது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கோ, பாலுக்கோ, காய்கறிக்கோ நாம் தருவதைவிட இதற்கு அதிகம் தருகிறோம்.

எடுத்துக்காட்டாக, வாரம் ஒருமுறை 400 ரூபாய்க்கு வெளியிலிருந்து உணவு வரவழைக்கும் குடும்பம் ஒன்றைக் கொள்வோம். அதே வேளை உணவை 100 ரூபாய்ப் பொருளில் வீட்டில் சமைத்தால் வாரத்துக்கு 300 ரூபாய் மிஞ்சும். ஓர் ஆண்டில் அது 15,600 ரூபாய். சிறிய குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று. ஆனால் அந்த 52 வேளைச் சமையலையும் செய்தவர் யார் என்பதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

நாளொன்றுக்கு 289 நிமிடங்கள்

நம் நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதை அறிய, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 2024இல் அது மீண்டும் நடந்தது. சமையல், துப்புரவு, துணி துவைத்தல் முதலிய ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். 2024இல் இவை முறையே 289, 88 என அமைந்தன. ஐந்தாண்டுகளில் இரு தரப்பினரின் நேரமும் சற்றே குறைந்திருக்கிறது. இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த இடைவெளி 201 நிமிடங்கள். ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் 1,200 மணி நேரத்தைத் தாண்டுகிறது. எட்டு மணி நேர வேலை நாள்களாக மாற்றினால் 150 நாள்களுக்கு மேல். இதுவும் வீட்டுப் பணியில் ஈடுபடுவோரின் சராசரியே என்பதை மறந்துவிடலாகாது. பெண்களில் 100 பேருக்கு 80 பேருக்கு மேல் இப்பணியில் ஈடுபட, ஆண்களில் அவ்வாறு ஈடுபடுவோர் 30 பேர்கூட இல்லை.

ஆண்கள் வெளியில் உழைத்துக் களைத்து வருகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வருவாய் தரும் வேலையில் ஈடுபட்ட ஆண்கள் நாளொன்றுக்கு 473 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள். அத்தகைய வேலையில் ஈடுபட்ட பெண்கள் 341 நிமிடங்கள். ஆனால் வேலைக்குச் செல்லும் பெண்ணை வீட்டு அடுப்பு விட்டுவிடுவதில்லை. அலுவலகத்திலிருந்தோ வயலிலிருந்தோ திரும்பியவர் அடுத்து நுழையும் இடம் பெரும்பாலும் சமையலறையாகவே இருக்கிறது.

நீதிமன்றம் எழுதிய கணக்கு

வீட்டுப் பணிக்கு மதிப்பு உண்டு என்பதை நாட்டின் வருமானக் கணக்கு இன்றளவும் ஏற்கவில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை தருவதாகக் கற்பித்து, அந்தத் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்க்கப்படுகிறது. அந்த வீட்டினுள் அன்றாடம் நடக்கும் சமையலுக்கு அதே கணக்கில் இடமில்லை. சுவருக்கு மதிப்பிடும் கணக்கு, அச்சுவருக்குள் உழைப்பவரைக் காணவில்லை.

நீதிமன்றங்களுக்கு இக்கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. விபத்தில் இல்லத்தரசி ஒருவர் உயிரிழந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு தருவது என்று அவை ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டும். 2001இல் ஒரு தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2021 ஜனவரியில் மற்றொரு வழக்கில், மேலே கண்ட 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு வருமானம் உண்டெனக் கருதி இழப்பீட்டை வகுப்பதன் தேவையை வலியுறுத்தியது. இறந்த பின் மதிப்பிடப்படும் அந்த உழைப்பை, உழைப்பவர் உயிரோடிருக்கும்போதே மதித்தால் என்ன?

சுவரிலிருந்து தாளுக்கு

வீட்டுக் கைவேலையின் மதிப்பு அதனைச் செய்யும் கையைப் பொறுத்தது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படுவது பெரும்பாலும் சந்தைக்கு வந்த பிறகே. பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டுச் சுவர்களில் திருமணத்துக்கும் விழாவுக்கும் ஓவியம் தீட்டி வந்தனர். 1960களின் நடுவில் கடும் வறட்சி வந்தபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் அவர்களுக்குத் தாளைக் கொடுத்து அதில் வரையச் செய்தது. மதுபனி ஓவியம் என்று உலகம் இன்று அறிவது அவ்வாறு வெளிவந்ததே. அப்பெண்களில் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கை அதே கைதான், கோடும் அதே கோடுதான். மாறியவை பரப்பும் விலையும் மட்டுமே.

அப்பளத்தின் கதையும் இத்தகையது. 1959 மார்ச் 15 அன்று பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனைக் கொண்டு மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் என்னும் பெரும் கூட்டுறவு முயற்சியாயிற்று. அவர்கள் புதிதாக எதையும் கற்கவில்லை. வீட்டில் ஊதியமின்றிச் செய்துவந்ததைக் கணக்கு வைத்துச் செய்தார்கள்.

ஒவ்வொரு வீடும் தொழிற்கூடமாக வேண்டும் என்று நாம் கூறவில்லை. தைக்கும் கையெல்லாம் விற்கவும் வேண்டும் என்ற நெருக்கடி மற்றொரு சுமையாகிவிடும். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் கவுதி, மகாராஷ்டிரத்தின் கோதடி ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். நைந்த பருத்திப் புடவைகளை மூன்று நான்கு அடுக்காக விரித்து, நேராக ஓடும் எளிய தையலால் இணைத்துப் போர்வையாக்கும் கலை இவை யாவற்றிலும் பொதுவானது. பாட்டியின் புடவையில் பேரக்குழந்தை உறங்குவதற்கு விலைச்சீட்டுத் தேவையில்லை. ஆனால் அதைத் தைத்த மாலைப்பொழுதுகள் எத்தனை என்பதை அக்குடும்பம் அறிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தைக்கப்பட்டதை ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது முறையன்று.

எளிய சமையல் என்னும் வாயில்

அன்பினால் செய்வதை மணிக்கணக்கில் அளப்பதா என்று சிலர் வருந்தக்கூடும். அன்பை அளக்க நாம் முற்படவில்லை. ஒருவர் மட்டுமே தொடர்ந்து அளித்துவர, மற்றவர்கள் பெற்றுவரும் நிலை மாற வேண்டும் என்றே கேட்கிறோம். அதற்கு எளிய சமையல் பெரிதும் உதவும் என்பது நம் கருத்து.

பத்திரிகைகளில் எளிய சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே சமைப்பவரின் வேலையைக் குறைக்கும் வழியாகவே தரப்படுகின்றன. அவற்றின் உண்மையான பயன் வேறு. சமைக்கத் தெரியாதவர் சமையலறைக்குள் நுழைவதற்கான வாயில் அவை. ஒரு குவளை அரிசி, அரைக்குவளை பாசிப்பருப்பு, ஐந்து குவளை நீர், சிறிது மஞ்சள்தூள், உப்பு ஆகியவற்றைக் குக்கரில் இட்டு நான்கு விசில் விட்டு இறக்கி, நெய்யில் சீரகமும் மிளகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டினால் கிச்சடி ஆயிற்று. வட இந்தியாவில் கிச்சடி என்றும் நம் பக்கத்தில் பொங்கல் என்றும், சிறுசிறு வேறுபாடுகளோடு நாடு முழுவதும் உண்ணப்படும் உணவு இது. அரைமணி நேரத்தில் முடியும். துலக்க இரண்டு பாத்திரங்களே மிஞ்சும். எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், அவல் உப்புமா ஆகியவையும் இவ்வாறே. பதினைந்து வயது மகனும் ஐம்பது வயதுத் தந்தையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சமைத்தவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட, பாத்திரங்களும் அடுப்பு மேடையும் இன்னொருவருக்காகக் காத்திருந்தால் அது உதவியாகாது. என்ன சமைப்பது என்று முடிவுசெய்வது, பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்கி வருவது, சமைப்பது, துலக்கிக் கவிழ்ப்பது எல்லாம் சேர்ந்ததே ஒரு வேளை உணவு. வாரத்தில் இரண்டு வேளைகளை முழுமையாக மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதே நல்ல தொடக்கமாகும். ‘அம்மாவுக்கு உதவுகிறேன்’ என்று சொல்லும் பிள்ளையிடம், அது அம்மாவின் வேலை மட்டுமன்று என்பதை வீட்டின் பெரியவர்கள் மென்மையாக எடுத்துரைக்கலாம்.

வீட்டு அலங்காரத்துக்கும் இது பொருந்தும். வாசலில் கோலம், ரங்கோலி, அல்பனா என எப்பெயரில் இட்டாலும், அது விடியலில் ஒருவர் தனியே குனிந்து செய்யும் கடமையாக இருக்க வேண்டியதில்லை. தந்தை வாசலைக் கழுவ, பிள்ளைகள் புள்ளி வைக்க, பெரியவர்கள் கோடு இழுக்கட்டும். பூத்தொடுப்பதும் மாவிலைத் தோரணம் கட்டுவதும் குழந்தைகளின் விரல்களுக்கு ஏற்ற வேலைகளே. கோடு சற்று வளைந்தால் குற்றமில்லை. குறையற்றதாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே, வேலை பலமுறை ஒருவரிடமே திரும்பிச் சேர்வதற்குக் காரணமாகிறது.

மிச்சப் பணம் யார் பெயரில்?

இனிப் பணத்துக்கு வருவோம். வீட்டு உழைப்பால் மிஞ்சும் தொகை பொதுச் செலவில் கரைந்துவிடாமல், உழைத்தவரின் பெயரில் சேர வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். மேலே கண்ட குடும்பத்தில் ஆண்டுக்கு 15,600 ரூபாய் என்பது மாதத்துக்கு 1,300 ரூபாய். அதனைத் தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் செலுத்தி வரலாம். அந்தக் கணக்கின் சேதிகள் அவருடைய கைப்பேசிக்கே வர வேண்டும். அதனை இயக்கவும் அவர் அறிந்திருக்க வேண்டும். பெயர் மட்டும் மனைவியுடையதாகவும், கடவுச்சொல் கணவரிடமும் இருக்கும் கணக்கு இந்த நோக்கத்தை நிறைவேற்றாது.

இரண்டு செய்திகளை மனத்தில் கொள்வது நல்லது. கணவர் அளிக்கும் பணத்தை மனைவி பெயரில் வைப்பாக இட்டால், அதற்கான வட்டி பொதுவாகக் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே வரிக்குக் கணக்கிடப்படும். ஆகவே இதனை வரி மிச்சத்துக்கான வழியாக எண்ண வேண்டாம். உரிமைக்கான வழியாகக் கொள்ளுங்கள். மற்றொன்று நியமனதாரர் பற்றியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனம் செய்யலாம். ஆயினும் நியமனதாரர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே. நியமனம் மட்டும் அவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. கணவரின் கணக்கில் மனைவி நியமனதாரராக இருப்பதும், தம் பெயரிலேயே ஒரு கணக்கு வைத்திருப்பதும் ஒன்றாகா.

இந்த மாத வரவு செலவை எழுதும்போது, ஒரே ஒரு வாரத்துக்கேனும் பக்கத்தில் மற்றொரு கோடு கிழித்து, வீட்டில் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிட்டார் என்பதையும் குறித்து வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளே எழுதட்டும். வார இறுதியில் அனைவரும் அமர்ந்து அதனைப் படித்துப் பார்க்கட்டும். அடுத்த வாரச் சமையலை யார் யார் ஏற்பது என்ற பேச்சு அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.