தாஷ்கண்டிலிருந்து திரும்பிய பெண்கள்

(மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை மாணவி)

“பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து எதற்கு?” என்று முகத்துக்கு நேரே கேட்பவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். ஆனால் “ஆடட்டுமே, யார் தடுத்தது?” என்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். முதல் கூட்டத்தாரோடு வாதாடலாம். இரண்டாம் கூட்டத்தாரோடு வாதாடுவதுதான் கடினம். தடுப்பவர் என்று ஒருவரும் இல்லாமலே ஆட்டம் நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நம் புதுவையில் கால்பந்துக்கு ரசிகர்கள் பஞ்சமில்லை. 2018இல் பிரான்சு உலகக் கோப்பையை வென்ற இரவு இவ்வூர்த் தெருக்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி: ஐரோப்பிய மகளிர் கழகக் கோப்பையை 8 முறை வென்ற லியோன் நகர அணியில் ஒரு பெண்ணின் பெயரையாவது சொல்வீர்களா? சரி, லியோன் தொலைவில் இருக்கிறது. அரை மணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் கடலூரைக் கேட்கிறேன். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அம்மாவட்டத்துப் பெண்கள்தாம். இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளருங்கூட.

ஆசியக் கண்டத்தில் மகளிர் கழகங்களுக்கான போட்டி 2019 நவம்பரில்தான் முதன்முதலாக, அதுவும் ஒரு சோதனை முயற்சியாக, தென் கொரியாவில் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது மதுரையின் சேது அணி. அப்படியானால் சேது அணி கொரியா சென்றதா? இல்லை. ஜப்பான், சீனா, தென் கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய 4 நாடுகளுக்கே அங்கு இடம். தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று இந்தியாவின் முதலிடத்தில் நின்ற ஆண்டில் ஏறுவதற்கு ஏணி இல்லை!

ஏணி வந்தபோது கேரளத்தின் கோகுலம் அணி ஏறியது. 2021 நவம்பரில் ஜோர்டானின் அகாபா நகரில் இரண்டு ஆட்டங்களில் தோற்று, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோர் அணியை 3-1 என்று வென்று திரும்பியது. அடுத்த ஆண்டு மே மாதம் புவனேசுவரத்தில் சேது அணியை 3-1 என்று தோற்கடித்து மீண்டும் தகுதி பெற்றது. சேதுவுக்கு ஆசியா ஓர் ஆட்டத் தொலைவில் கைநழுவிப் போயிற்று.

பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 2022 ஆகஸ்ட் 16 அன்று கோகுலம் பெண்கள் தாஷ்கண்டில் இறங்கினார்கள். இறங்கியதும் அவர்களுக்குக் கிடைத்த செய்தி, இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலக அமைப்பாகிய ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது என்பது. சம்மேளனத்தின் தேர்தல் காலத்தில் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை அமர்த்தியது. அது வெளியார் தலையீடு என்றது ஃபிஃபா. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தத் தேர்தலில் அப்பெண்களுக்கு ஓட்டும் இல்லை, அந்த வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களும் இல்லை. 23ஆம் தேதி சோக்தியானா அணியோடும் 26ஆம் தேதி ஈரானின் பாம் காத்தூன் அணியோடும் ஆட வேண்டியவர்கள் அன்னிய ஊர் விடுதியில் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தடை நீங்கிய நாள் எது தெரியுமா? ஆகஸ்ட் 26!

அதே வாரத்தில், அகாபாவில் கோகுலத்துக்காக கோல் போட்ட மனீஷா கல்யாண், சைப்ரசு நாட்டுக் கழகம் ஒன்றுக்காக ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். அப்படி ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். தப்பித்தவர் ஒருவர் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வேடிக்கை இல்லை.

2024 அக்டோபரில் வியட்நாமில் ஒடிசா அணி ஜப்பானின் உராவா அணியிடம் 0-17 என்று தோற்றது. எங்கள் விடுதியில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நண்பர்களே, உராவா அதற்குச் சில மாதங்கள் முன்பு ஆசியக் கோப்பையை வென்ற அணி. அந்நாட்டில் 2021 முதல் பெண்களுக்குத் தொழில்முறை லீக் நடக்கிறது. மாதக்கணக்கில், ஊர் ஊராக. நம்மிடமோ 2018இல் 7 அணிகள் ஷில்லாங்கில் ஒன்றுகூடி, சில வாரங்களில் ஆடி முடித்துக் கலைந்தன. அவற்றுள் கடலூர் அகாதெமி ஒன்றும் இருந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடுதான் அந்த 17 கோல்கள் என்பது என் துணிபு. பெண்களின் கால்களில் உள்ள வேறுபாடு அன்று. 2025 நவம்பரில் சீனாவின் வூகானில் கிழக்கு வங்காள அணி அதே பாம் காத்தூனை 3-1 என்று வென்றதே! கோகுலத்தை ஆடவிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நானும் பத்தாம் வகுப்புவரை இடப்பக்க முன்னணியில் ஆடியவள்தான். எவரும் என்னை நிறுத்தவில்லை. ஆட ஆள் சேரவில்லை, அவ்வளவே. இக்கல்லூரியில் பெண்கள் அணி உண்டா என்றால் உண்டு. போட்டி அறிவிப்பு வந்ததும் பத்து நாட்களுக்கு முன் சேர்க்கப்படும், தோற்றதும் கலைந்துவிடும். மாலையில் மைதானம் முழுவதும் ஆண்களுடையது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; கேட்டால் ஓரமாய் இடம் விடுகிறார்கள். ஓரத்தில் கோல் கம்பம் இல்லையே!

செவ்வாய், வியாழன் ஆகிய இரு மாலைகள், 4 மணி முதல் ஐந்தரை வரை, கம்பங்களோடு கூடிய முழு மைதானம்; மாதம் ஒருமுறை கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ சென்று ஓர் ஆட்டம். இவ்வளவே கேட்டு 14 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறோம். கோல் காக்க மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உயரமான முதலாண்டு மாணவியர் எவரேனும் இதைப் படித்தால் வரலாற்றுத் துறையில் என்னை வந்து பார்க்கவும்.