பதிவு செய்த பிறகும் விலை குறையும்

செனாவாங் இரவுச் சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது ஐம்பது காசுக்காக ஐந்து நிமிடம் பேசுவேன். காய்கறிக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பிடி கறிவேப்பிலையைப் பையில் போட்ட பிறகுதான் நகருவேன். அதே நான், இரண்டு வருடங்களுக்கு முன்பு 420 வெள்ளியை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு வந்தவள்.

அப்போது நாங்கள் நால்வர். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். கிள்ளான் துறைமுகம் பக்கம் புலாவ் இண்டாவில் இருந்து இரண்டு இரவு உல்லாசக் கப்பல் பயணம். பயணக் கண்காட்சியில் பதிவு செய்து, சலுகை போய்விடுமோ என்ற அவசரத்தில் முழுப் பணத்தையும் ஒரே நாளில் கட்டிவிட்டோம். ஆறு வாரம் கழித்து, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி அதே கப்பலில், அதே நாளுக்கு, அதே உள்ளறையை எங்களைவிட ஆளுக்கு 105 வெள்ளி குறைவாக எடுத்தாள். "நம்ம ராசி அப்படி" என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ராசி ஒன்றும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். பணம் கட்டிய ரசீதைப் பிறகு நிதானமாகப் படித்தபோது, கடைசித் தவணைக்கான தேதி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது தெரிந்தது. அதற்குள் கேட்டிருந்தால் முகவர் கப்பல் நிறுவனத்திடம் பேசிப் பார்த்திருக்கலாம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வெட்கமாகத்தான் இருந்தது.

கப்பல் கட்டணம் கடையில் ஒட்டிய விலைச் சீட்டு மாதிரி இல்லை. கப்பல் புறப்படும் நிமிடத்தில் காலியாக இருக்கும் அறையால் நிறுவனத்துக்கு ஒரு காசு வருமானம் இல்லை. அறைக்கு ஆள் வந்தால் டிக்கெட்டோடு சாப்பாடு, கடை, சூதாட்டக் கூடம் என்று உள்ளேயும் செலவழிப்பார். அதனால் அறை எவ்வளவு வேகமாக விற்கிறது என்று பார்த்து விலையை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருப்பார்கள். பள்ளி விடுமுறைக்கும் தீபாவளி நேரத்துக்கும் ஏறும். சில சமயம் நாம் எதிர்பார்க்காத நேரத்தில் இறங்கும்.

இதில் நமக்குச் சாதகமான ஓர் இடம் இருக்கிறது. முன்பணம் கட்டிய நாளுக்கும் கடைசித் தவணை கட்ட வேண்டிய நாளுக்கும் இடையில் உள்ள காலம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அந்தக் கடைசித் தேதி, புறப்படுவதற்கு இரண்டரை முதல் மூன்று மாதம் முன்பு வரும். அதற்கு முன்னால் விலை குறைந்தால், அதே அறையைப் புது விலைக்கு மாற்றித் தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் யாரும் நம்மைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும், நாம்தான் கேட்க வேண்டும்.

கடந்த ஆண்டு அம்மாவையும் அழைத்துப் போக முடிவு செய்தோம். அம்மா செனாவாங் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறி வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல்தான் எத்தனையோ குடும்பங்களை பினாங்குக்கும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் கொண்டு வந்து இறக்கியது. (அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது 1972-ல்.) பாட்டி மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையைக் கேட்டே வளர்ந்த அம்மா, 68 வயதுவரை எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை.

சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவு, செப்டம்பர் 14 புறப்பாடு. இரண்டு அறை. ஒன்றில் நான், வீட்டுக்காரர், மகன். இன்னொன்றில் அம்மாவும் மகளும். இரண்டும் ஜன்னல் இல்லாத உள்ளறை. ஆளுக்கு 1,050 வெள்ளி, எங்கள் அறையில் மூன்றாவது ஆளான மகனுக்கு மட்டும் பாதி விலை. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 151 வெள்ளி. மொத்தம் 5,480. கப்பலுக்குள் செலவழிக்க அறைக்கு 50 சிங்கப்பூர் டாலர் இலவசம். பிப்ரவரியில் முன்பணம் மட்டும் கட்டினேன். ஜூலை 1 கடைசித் தவணை என்பதை நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை தோசை ஊற்றுவதற்கு முன் விலையைப் பார்ப்பேன். இரண்டு முறை ஏறியது. ஜூன் நடுவில் உள்ளறை விலை ஆளுக்கு 880 என்று காட்டியது.

உடனே முகவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். அங்கே இருந்த பெண், "அக்கா, புக் பண்ணியாச்சுன்னா விலை மாறாது" என்றாள். நான் திரும்பக் கேட்க வாயெடுத்தபோது அம்மா தடுத்தார். "விடும்மா. அவங்க முகம் சுளிக்கிற மாதிரி எதுக்குக் கேக்கணும்?"

அம்மா அப்படிச் சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் கித்தா பாலைக் கொண்டுபோய் நிறுக்கும்போது எடை குறைத்து எழுதினாலும் கிராணியிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுநாள் பெரட்டில் மோசமான நிரை கிடைக்கும். பதினான்கு வயதில் மரம் சீவப் போனவர் அவர். பிறகு இங்கேயே தொழிற்பேட்டைக்கு வேலை மாறி ஓய்வும் பெற்றுவிட்டார். சம்பளச் சீட்டில் தப்பு இருந்தால்கூட அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று காத்திருப்பார். நான் 420 வெள்ளியை விட்டுவிட்டு வந்தது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்த நாள் பேச்சாக இல்லாமல் எழுத்தாக அனுப்பினேன். பதிவு எண், புறப்படும் நாள், அறையின் வகைக் குறியீடு, புது விலை தெரியும் திரைப்படம், அதில் தேதியும் நேரமும். "கடைசித் தவணைக்கு முன் இதே வகை அறையைப் புது விலைக்கு மாற்ற முடியுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் தாருங்கள்" என்று ஒரே வரி. குறியீட்டை எழுதுவது முக்கியம். உள்ளறையிலேயே நான்கைந்து வகை இருக்கும். உங்கள் வகை விலை குறையாமல் இன்னொரு வகை குறைந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. விலை எந்த நாணயத்தில் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். சிங்கப்பூர் டாலர் விலையைப் பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மாற்றலாம், அறைக்கு 30 வெள்ளி திருத்தக் கட்டணம். ரசீதின் பின்பக்கத்தில் அந்த 30 வெள்ளி இருந்தது, அதனால் வாதாடவில்லை.

ஆனால் மாற்றுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். புது விலையை எடுத்தால் பழைய சலுகைகள் போய்விடும். எங்கள் அறையில் இரண்டு பேருக்கு 340 வெள்ளி குறையும். ஆனால் மகனுக்குப் பாதி விலை கிடையாது, 525 வெள்ளி 690 ஆகும். ஆக மிச்சம் 175. அதிலும் 50 டாலர் இலவசம் போய்விடும், அது சுமார் 165 வெள்ளி. திருத்தக் கட்டணம் 30. கூட்டிக் கழித்தால் 20 வெள்ளி நட்டம்! எங்கள் அறையைத் தொடவே இல்லை.

அம்மாவின் அறை வேறு கதை. அங்கே இரண்டே பேர். 340 மிச்சத்தில் இலவச டாலரையும் கட்டணத்தையும் கழித்தாலும் 145 வெள்ளி கையில் நிற்கும். இரண்டு அறைக்கும் தனித்தனிப் பதிவு எண் இருந்ததால் ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தது. ஒரே எண்ணில் போட்டிருந்தால் இது சிக்கலாகியிருக்கும்.

அப்போதுதான் பட்டியலில் இன்னொன்றைப் பார்த்தேன். ஜன்னல் உள்ள அறை ஆளுக்கு 1,040. நாங்கள் முதலில் கட்டச் சம்மதித்த உள்ளறை விலையைவிடப் பத்து வெள்ளி குறைவு! போகும் இலவச டாலரையும் கட்டணத்தையும் சேர்த்தால் பழைய ஏற்பாட்டைவிட 175 வெள்ளி கூடுதல் செலவு, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் இரண்டையும் விளக்கினேன். 145 வெள்ளி மிச்சமா, ஜன்னலா? அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஜன்னல் திறக்குமா?"

"திறக்காதும்மா. பார்க்க மட்டும்தான்."

"பரவால்ல. ஜன்னலே இருக்கட்டும்."

எல்லா முன்பணமும் ஒன்றல்ல. திருப்பித் தரக்கூடிய முன்பணம் உண்டு, திருப்பித் தராத முன்பணமும் உண்டு. இரண்டாவது வகை மலிவாக இருக்கும், ஆனால் மாற்றத்துக்குப் பெரிய தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். முகவர் மறுத்து, உங்களுடையது திருப்பித் தரக்கூடிய வகையாகவும் இருந்தால், புது விலையில் முதலில் பதிவு செய்து உறுதி வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

முகவருக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விலை குறைந்ததற்காக மட்டும் நீங்கள் யார் மீதும் வழக்குப் போட முடியாது. ஆனால் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையைத் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணத்தில் மனு, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, வக்கீல் வேண்டாம். எழுத்தில் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டார் குரூசஸ் என்ற பெயரில் 1993-ல் தொடங்கி நம் ஊர்க்காரர்களுக்கு உல்லாசக் கப்பலைப் பழக்கிய குழுமமே, கெந்திங் ஹாங்காங் என்ற பெயரில் 2022 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது. அதன் கெந்திங் டிரீம் கப்பல் அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் என்ற புதுப் பெயரில் சிங்கப்பூரில் இருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. இடையில் முன்கூட்டியே கட்டியவர்களின் கவலையை நினைத்துப் பாருங்கள்.

ஆகஸ்டில், கடைசித் தவணை கட்டி ஒரு மாதம் கழித்து, ஜன்னல் அறை விலை இன்னும் முப்பது வெள்ளி இறங்கியது. மறுபடி எழுதிக் கேட்டேன். முடியாது என்று மரியாதையாகவே பதில் வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பெரும்பாலும் அப்படித்தான். அறை காலியாக இருந்தால் சில நிறுவனங்கள் ஒரு படி மேலான அறையோ உள்ளே செலவழிக்கச் சிறு தொகையோ தருவதுண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து பயணத்துக்கான சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"விலை இறங்கிருக்குன்னு சொன்னியே, கேட்டியா?"

"கேட்டேம்மா. இல்லைன்னுட்டாங்க."

"கேட்டேல்ல" என்றவர், நீலச் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.