எல்லோருக்கும் சித்தப்பா

திருச்சியை அடுத்த துவாக்குடியில் பல மாநிலத்தவர் வாழ்கிறார்கள். அங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாதி இடங்கள் வெளிமாநில மாணவர்களுக்கு உரியவை. அருகிலேயே 'பெல்' தொழிற்சாலை.

புதிதாக ஒருவர் குடிவந்தால், "இவர் என்ன சாதி? என்ன மதம்?" என்ற கேள்வி முதலில் எழுகிறது. இந்தி நடிகர் டேவிட்டின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில்.

செக்கும் சனிக்கிழமையும்

டேவிட் ஆபிரகாம் சேவுல்கர் 1909-ல் பிறந்தார். அவர் ஒரு யூதர். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த 'பெனே இஸ்ரேல்' மக்களைச் சேர்ந்தவர். இவர்கள் பேசுவது மராத்தி. செக்காட்டுவது பழைய தொழில். சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று செக்கு ஓடாது. ஆகவே ஊரார் இவர்களை 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று அழைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, யாரும் துரத்தவில்லை!

டேவிட் பி.ஏ. பட்டதாரி. வேலை தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. 1937-ல் சினிமாவில் நுழைந்தார். குள்ள உருவம், வழுக்கைத் தலை. கதாநாயகன் ஆக முடியாது. அதற்காக அவர் வருந்தவில்லை. அந்த உருவத்தைக் கொண்டே சிரிக்க வைத்தார். 100 படங்களுக்கு மேல் நடித்தார். விழா மேடைகளில் அவர் பேச்சுக்குத் தனி மவுசு.

பிச்சை வேண்டாம்

1954-ல் ராஜ் கபூர் தயாரித்த 'பூட் பாலிஷ்' வந்தது. சித்தி பிச்சை எடுக்க விரட்டும் இரண்டு அனாதைக் குழந்தைகளுக்கு, உழைத்துப் பிழைக்கச் சொல்லும் ஜான் சித்தப்பாவாக டேவிட் நடித்தார். சிறந்த துணை நடிகருக்கான 'பிலிம்பேர்' பரிசு கிடைத்தது. நம் கலைவாணரைப் போல, சிரிப்போடு புத்தியும் சொன்ன வேடம் அது.

யூதர் ஒருவர் கிறிஸ்தவராக நடித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் பார்த்துச் சிரித்தார்கள், கண் கலங்கினார்கள். எந்த மதம் என்று யார் கேட்டார்கள்?

1969-ல் அரசு 'பத்மஸ்ரீ' அளித்தது. 1979-ல் 'கோல்மால்' படத்திலும் அவர் சிரிக்க வைத்தார். பிற்காலத்தில் கனடாவில் காலமானார்.

1948-க்குப் பின் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டார்கள். இன்று நாட்டில் எஞ்சியிருப்போர் சில ஆயிரம் பேரே. அவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்து வந்தவரை நாடே சித்தப்பா என்று கொண்டாடியது.

பக்கத்து வீட்டுக்குப் புதியவர் வந்தால், மதத்தைக் கேட்பது இருக்கட்டும். முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். உங்கள் குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.