மதிப்பெண் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

என் மகள் பிசியோதெரபி பட்டதாரி. கனடாவில் கைனீசியாலஜி, அதாவது உடலியக்கவியல், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண் பட்டியல், ஐஇஎல்டிஎஸ் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தோம். கோட்டை விட்டது வேறிடத்தில். ஆய்வேடு எழுதும் எம்எஸ்சிக்கு வழிகாட்ட ஒரு பேராசிரியர் சம்மதிக்காவிட்டால் பெரும்பாலும் இடமில்லை. பணம் வாங்கிய ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மறு ஆண்டு, முழங்கால் அசைவை ஆராயும் ஒருவரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு எட்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. இன்னொன்று: ஒன்டாரியோவில் 2013 முதல் கைனீசியாலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளப் பட்டம் போதாது, தேர்வெழுதிப் பதிவும் செய்ய வேண்டும். கைனீசியாலஜி புதிய படிப்பும் அல்ல; அங்குள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1967லேயே அதற்குத் தனித்துறை தொடங்கினார்கள். உங்கள் உயர்கல்விப் பக்கத்தில் ஒருமுறையாவது இந்தப் படிப்பைப் பற்றி எழுதுங்கள்.

- ஒரு தந்தை, திருநெல்வேலி